அரை அங்குலம்

மேசை இருபத்தேழு அங்குலம்.
நடுவில் திரை போக
இந்தப் பக்கம் ஐந்தரை, அந்தப் பக்கம் ஐந்தரை.
தையல் நாடாவில் பேனாவால் கோடு போட்டு
கைப்பையில் சுருட்டிக்கொண்டு
ரிச்சி தெருவுக்குப் போனேன்.

புரசைவாக்கத்துக் காது டாக்டர் சொல்லிவிட்டார்,
மூன்று மாதம் ஹெட்போன் கூடாது, உள்ளே பூஞ்சை.
என் பிழைப்போ
அடுத்தவர் பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்வது.
நிமிடத்துக்கு ஒன்பது ரூபாய்.
இருமலுக்குத் தனியாகத் தருவதில்லை.
‘தெளிவில்லை’ என்று அடித்தால்
அந்த வரிக்கும் பிடித்துக்கொள்வார்கள்.

‘என்னக்கா வேணும், லேப்டாப்பா, கேமராவா’
படிக்குப் படி கூப்பிட்டார்கள்.
நாடாவைக் காட்டினேன்.
இந்த அகலத்துக்குள் ஒரு ஜோடி ஸ்பீக்கர்.

தவ்ஃபீக் முதல் ஜோடியில் குத்துப்பாட்டு போட்டான்.
கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.
‘பேஸ் பாருங்க, அடிவயித்துல வந்து நிக்கும்.’
எனக்கு அடிவயிற்றில் வேலை இல்லை தம்பி,
இதைப் போடு என்று பென்டிரைவைக் கொடுத்தேன்.

நான்கு நொடி. பெயர் ஊர் எல்லாம் வெட்டியது.
மின்விசிறி, யாரோ பிரிக்கும் பிஸ்கட் பாக்கெட்,
அதற்கடியில் ஒரு வயதான குரல்:
‘அந்த எடத்த நான் அப்பவே வி…டேன்.’

வித்தேனா, விட்டேனா?
நாக்கு பல்லைத் தொட்டிருந்தால் விலை.
மேலண்ணத்தைத் தொட்டிருந்தால்
சும்மா எழுந்து வந்தது.
இரண்டுக்கும் நடுவே வாய்க்குள் அரை அங்குலம்.
அந்த அரை அங்குலத்தில் கிடக்கிறது
பெரும்பாக்கத்தில் பதினோரு சென்ட்.

முதல் ஜோடியில் பெரியவர்
போர்வைக்குள்ளிருந்து பேசினார்.
இரண்டாவதில் பிஸ்கட் பாக்கெட்
கடுகு மாதிரி வெடித்தது, அவரைக் காணோம்.
கேமரா ஒயர் வாங்க வந்தவர் ‘வித்தேன்’ என்றார்.
டீ கொண்டுவந்த பையன் ‘விட்டேன்’ என்றான்.
கல்லாவில் இருந்தவர் கால்குலேட்டரை வைத்துவிட்டு
‘இன்னொரு வாட்டி போடு’ என்றார்.

மூன்றாவது, பார்வைக்கு வைத்திருந்த கடைசி ஜோடி.
ஒன்றின் முதுகில் கீறல், குமிழ் கொஞ்சம் ஆட்டம்.
பாட்டு போட்டால் ரேஷன் அரிசி மாதிரி இருக்கும் என்று
தவ்ஃபீக்கே எச்சரித்தான்.
அதில் பெரியவர் பேசியபோது
யாரும் வாய் திறக்கவில்லை.
நாலாயிரத்து நூறு சொன்னதை
மூவாயிரத்து அறுநூறுக்கு முடித்து
மடியில் வைத்து அயனாவரம் பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

வீட்டில் அவர் மறுபடி மழுப்பினார்!

இரவு பதினொன்று.
மேசைப் பலகையும் சேர்ந்து பேசுகிறது என்பது
கை வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது.
பழைய ஹவாய் செருப்பை நான்காக அறுத்து
அடியில் கொடுத்தேன்.
சுவரை விட்டு ஒரு சாண் முன்னே இழுத்து
இரண்டின் முகத்தையும்
என் காதைப் பார்க்கத் திருப்பினேன்.
போட்டேன். நிறுத்தினேன். போட்டேன்.
அந்த எடத்த நான் அப்பவே.
அந்த எடத்த நான் அப்பவே.
முப்பதுக்கு மேல் எண்ணவில்லை.
கேட்கக் கேட்க
இரண்டு சொல்லும் ஒரே வாயில் இருந்தன.

சுவரில் தட்டும் சத்தம்.
அந்தப் பக்கம் கன்னியப்பன், கண்டக்டர்,
நாலு மணிக்கு டிப்போவில் இருக்க வேண்டியவர்.

‘விட்டேன்னுதாம்மா சொல்றாரு.
தூங்க விடு.’